டேங்கில் தானாக முளைத்த பவளம்: அது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போன ஆடி மாதம் எங்கள் வீட்டு ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியில், மூன்றாவது கல்லின் விளிம்பில், கடுகு அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. நான் வைத்தது இல்லை, வாங்கியதும் இல்லை. டேங்கைக் கலைத்துவிட்டு ஊர் மாறிப் போன ஒருவரிடம் வாங்கிய பழைய கல் அது. அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டேன். பத்து நிமிடத்தில் நான்கு பதில்கள். ஒருவர் ஃபேவியா என்றார். இன்னொருவர் ஸோவா. மூன்றாமவர் மஷ்ரூம். நான்காமவர், "ஐப்டேசியா சார், இப்பவே கொன்னுடுங்க" என்றார்.

ஒரே படம், நான்கு பெயர். முதல் மூன்றும் டேங்கில் ஆசையாக வளர்ப்பவை, நான்காவது களை மாதிரித் தொல்லை. நான்கு பேருமே பல வருடமாக டேங்க் வைத்திருப்பவர்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நீல விளக்கின் கீழே எடுத்த படத்தில் பச்சை நிறத்தைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. எல்லோரும் நிறத்தைப் பார்த்துப் பெயர் சொன்னார்கள். பவளத்தை அடையாளம் காண்பதில் நிறம்தான் கடைசியாகப் பார்க்க வேண்டியது. முதலில் எதைப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஆவணி மூல வீதிப் பவளமும் டேங்க் பவளமும்

மதுரையில் பவளம் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் மோதிரத்தில் பதித்துத் தரும் சிவப்புக் கல். உண்மையில் அது கல் இல்லை. மத்தியதரைக் கடலில் வளரும் ஓர் உயிரினத்தின் உள் எலும்பு மாதிரியான பகுதி. டேங்கில் இருப்பது அதற்குத் தூரத்துச் சொந்தம், ஒன்றுவிட்ட பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே விலங்கு. செடி இல்லை, கனிமமும் இல்லை.

பள்ளிப் பாடத்தில் குழியுடலிகள் என்று படித்திருப்போம். ஹைட்ரா, ஜெல்லிமீன், கடல் சாமந்தி, பவளம் எல்லாம் அந்தக் கூட்டம். பவளத்தின் அடிப்படை அலகு பாலிப். ஒரு சின்னத் துணிப்பையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அடிப்பக்கம் கல்லில் ஒட்டியிருக்கிறது, மேலே ஒரே ஒரு வாய், வாயைச் சுற்றி விரல்கள். இந்த விரல்களுக்கு உணர்கொம்பு என்று பெயர். அவற்றில் கொட்டும் செல்கள் இருக்கும். உள்ளே போவதும் அந்த வாய் வழியேதான், கழிவு வெளியே வருவதும் அதே வழியேதான்.

நாம் வளர்க்கும் பவளங்களில் பெரும்பாலானவற்றின் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கும். வெளிச்சத்தில் அவை சமைத்ததில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. வாடகைக்குப் பதில் சாப்பாடு. விளக்கு இல்லாமல் ரீஃப் டேங்க் நடக்காததற்கு இதுதான் காரணம்.

பவளம் என்பது பாலிப்களாலான விலங்கு என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். வாயும் அதைச் சுற்றி உணர்கொம்புகளும் தெரியவில்லை என்றால், நீங்கள் பார்ப்பது அநேகமாகப் பவளமே இல்லை.

எப்படி வந்து சேர்ந்தது?

நர்சரியில் ஒரு ரோஜாத் தொட்டி வாங்கினால் கூடவே கீழாநெல்லியும் குப்பைமேனியும் முளைத்து வரும். அவற்றை யாரும் விற்கவில்லை, மண்ணோடு வந்தவை. லைவ் ராக் என்று சொல்லும் பழைய கல்லிலும், பவளத்துண்டு ஒட்டியிருக்கும் பிளக் என்ற சின்னத் தாங்கியிலும் நடப்பது இதேதான். பொடித் துளைகளில் பாலிப்போ அதன் ஒரு துணுக்குச் சதையோ ஒளிந்திருக்கும். பழைய டேங்கில் வெளிச்சம் கிடைக்காமல் சுருங்கிக் கிடந்தது, உங்கள் டேங்கில் நல்ல விளக்கு கிடைத்ததும் தலைகாட்டும். கல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முளைப்பதும் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. சில பவளங்கள் நீந்தும் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். பொசிலோபோரா அப்படிப்பட்ட ஒன்று. பெரியது ஒன்றை வாங்கி வைத்தால் சில மாதத்தில் பம்ப் மேலே, கண்ணாடி மேலே எல்லாம் குட்டி முளைத்திருக்கும்.

நிறத்தை ஏன் நம்பக் கூடாது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மல்லி, முல்லை, பிச்சி எல்லாம் குவியல் குவியலாக இருக்கும். எல்லாமே வெள்ளை. ஆனால் பூக்கட்டும் அக்காவிடம் ஒரு மொட்டைக் கொடுத்தால் பார்க்காமலே சொல்லிவிடுவார். மல்லி மொட்டு உருண்டை, முல்லை மெலிசு, பிச்சிக்குக் காம்பு நீளம். அவர் விரல் தேடுவது அமைப்பை.

பவளத்தில் நிறம் இன்னும் மோசமாக ஏமாற்றும். அதன் சதையில் உள்ள சில புரதங்கள் நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பி உமிழும். ஒளிர்தல் என்பது இதுதான். பச்சை ஒளிர்தல் சுண்ணாம்புக் கூடு கட்டும் கல்பவளத்திலும் உண்டு, ஸோவாவிலும் உண்டு, மஷ்ரூமிலும் உண்டு. நீல விளக்கில் எல்லாம் ஒரே பச்சை. அதே பவளம் நிழலில் இருந்தால் உள்ளிருக்கும் பாசி பெருகிப் பழுப்பாகிவிடும். தண்ணீர் சூடேறினால் பாசியை இழந்து வெளுத்துவிடும். மதுரைச் சித்திரை வெயிலில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் பரவலாக நடந்ததும் இந்த வெளுப்புத்தான்.

மொத்த வடிவமும் அப்படித்தான். ஒரே இனம் நீரோட்டம் பலமாக இருக்கும் இடத்தில் தடித்துக் குட்டையாகவும், அமைதியான இடத்தில் மெலிந்து கிளைத்தும் வளரும். குட்டிப் பவளத்துக்கோ வடிவமே இன்னும் வந்திருக்காது.

அதனால் முதல் வேலை, விளக்கை வெள்ளைக்கு மாற்றிப் படம் எடுப்பது. அளவு தெரிய வேண்டும் என்று ஒருவர் பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுத்திருந்தார். தயவுசெய்து வேண்டாம். காசில் தாமிரம் இருக்கிறது, அது முதுகெலும்பில்லாத பிராணிகளுக்கு விஷம். பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேல் போதும், அதையும் கண்ணாடிக்கு வெளியே பிடித்தால் போதும்.

சிரிஞ்சு சோதனை

எனக்கு இதைவிடப் பிரயோஜனமான கருவி இதுவரை கிடைக்கவில்லை. மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு ஒன்று வாங்கி, நுனியில் ஒரு அடி ஏர் டியூப் மாட்டிக்கொள்ளுங்கள். டேங்க் தண்ணீரையே உறிஞ்சி, அந்த உயிரினத்தின் மேல் இரண்டு அங்குலத் தூரத்திலிருந்து மெதுவாகப் பீய்ச்சுங்கள். அது என்ன செய்கிறது என்று பார்த்தால் பாதி விடை வந்துவிடும்.

கண் இமைக்கும் நேரத்தில் குழாய்க்குள் சட்டென்று மறைந்தால் அது விசிறிப் புழு. தலையில் இறகு விரித்திருப்பதால் பவளம் என்று நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பாலிப்பில் வாயைச் சுற்றி இருக்கும் தட்டு மாதிரி எதுவும் அதில் தெரியாது.

நீளத் தண்டும் நுனியில் கூராகும் உணர்கொம்புகளும் கொண்டு, பீய்ச்சியதும் துளைக்குள் இழுத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் எட்டிப் பார்த்தால் ஐப்டேசியா. இது கடல் சாமந்தி வகை, பவளம் இல்லை. இதைக் கத்தியால் சுரண்டுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. அடிப்பாகத்தில் ஒரு துணுக்கு மிஞ்சினாலும் அது முழு ஐப்டேசியாவாக வளரும். அருகம்புல்லைப் பிடுங்கியவர்களுக்குப் புரியும்.

சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போல மேல்பக்கம் மூடி, ஒரு சின்னப் பொத்தானாக நின்றால் ஸோவா என்று நாம் சுருக்கிச் சொல்லும் ஸோவாந்திட். இதற்குக் கூடு கிடையாது. விளிம்பில் இரண்டு வரிசையாகக் குட்டை உணர்கொம்புகள் இருக்கும், பெரும்பாலும் கூட்டமாகத்தான் வளரும்.

அப்பளம் எண்ணெயில் சுருளுவது போல விளிம்பு மட்டும் மடங்கி, ஆனால் எங்கும் போகாமல் சதையாகவே கிடந்தால் மஷ்ரூம். இது கல்பவளத்துக்கு மிக நெருங்கிய சொந்தம், கூடு மட்டும் கட்டுவதில்லை.

கடைசியாக, சதை சுருங்கி மெலிந்து, அடியில் வரிவரியாகக் கெட்டியான மேடுகள் தெரிந்தால் அதுதான் கல்பவளம். தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கென்று ஒரு கூடு கட்டிக்கொள்வது. சதை ஒளிந்துகொள்ளலாம், கூடு எங்கே போகும்?

ஆக, முதல் கேள்வி கூடு இருக்கிறதா என்பது. அதற்கு விடை கிடைத்தாலே பராமரிப்பில் பாதி முடிவாகிவிடும். கூடு கட்டுவதற்குக் கால்சியமும் காரத்தன்மையும் சீராக இருக்க வேண்டும், மஷ்ரூமுக்கு அந்தக் கவலை குறைவு.

உணர்கொம்பை எண்ணுங்கள்

அடுத்தது கணக்கு. விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, டார்ச்சின் மேல் சிவப்பு செலோபேன் தாளைக் கட்டிக்கொண்டு போங்கள். பல கல்பவளங்கள் பகலில் மூடிக்கொண்டு ராத்திரியில்தான் உணர்கொம்பை நீட்டும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணலாம்.

சரியாக எட்டு வந்தால், அதிலும் ஒவ்வொன்றின் இரு பக்கமும் கோழியிறகு போலக் கிளைகள் இருந்தால், அது எட்டுக்கொம்புப் பவளம். மென்பவளங்கள், கடல் விசிறி, கையை மூடித் திறப்பது போலத் துடிக்கும் ஸீனியா, ஊதா நிறப் பாய் விரித்து அதன் மேல் பச்சை நட்சத்திரம் பூக்கும் ஸ்டார் பாலிப் எல்லாம் இந்த வகை. முன்னே சொன்ன மோதிரப் பவளமும் இதே குடும்பம்தான்.

கிளையில்லாத சாதா உணர்கொம்புகள், 6, 12, 24 என்று ஆறின் மடங்கில் வந்தால் ஆறுக்கொம்புக் கூட்டம். கல்பவளம், மஷ்ரூம், ஸோவா, ஐப்டேசியா எல்லாம் இங்கே. எண்ணிக்கை எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் உதாரணம். கோனியோபோரா, ஆல்வியோபோரா இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிப் பூங்கொத்து. முதலாவதுக்கு ஒரு பாலிப்பில் 24 உணர்கொம்பு, இரண்டாவதுக்கு 12. வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

ஆறு என்பது பொதுவிதிதான். சிலர் மீறுவார்கள், என் பச்சைப் புள்ளி உட்பட. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தனிச்சுவரா, பொதுச்சுவரா?

கூடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு கூட்டைப் பார்க்க வேண்டும். பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாலிப்பும் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. இந்தக் குழிக்குக் கிண்ணம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். கிண்ணத்தின் சுவரிலிருந்து நடுவை நோக்கி, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி, மெல்லிய தடுப்புகள் வரும். அவை ஆரைகள், உணர்கொம்பைப் போலவே இவையும் பொதுவாக ஆறின் மடங்கில் வரும். சிரிஞ்சு சோதனையில் தெரிந்த வரிகள் இவைதான்.

இப்போது அக்கம்பக்கத்துக் கிண்ணங்களைப் பாருங்கள். மாசி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் சந்துகளில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். உங்கள் சுவர்தான் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சுவர். கே.கே. நகர்ப் பக்கம் போனால் தனித்தனி வீடு, நடுவில் சந்து. பவளத்திலும் இந்த இரண்டு வகையும் உண்டு. கிண்ணங்கள் சுவரைப் பகிர்ந்துகொண்டால் ஃபேவைட்டிஸ் பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனிச்சுவர், நடுவில் பள்ளம் என்றால் கடையில் ஃபேவியா என்று விற்பது. சில பவளங்களில் குறுக்குச் சுவரே இல்லாமல் வீடுகள் சேர்ந்து நீளத் தெருவாகவே ஆகிவிடும். மூளைப் பவளம் என்பது அப்படி வளைந்து நெளியும் தெருக்கள்தான்.

ஃபேவியா என்று ஏன் ‘கடையில் விற்பது’ என்றேன் என்றால், நம் பக்கத்துக் கடல்களிலும் பசிபிக்கிலும் இருக்கும் அந்தப் பவளங்களுக்கு 2012-இல் டிப்சாஸ்ட்ரியா என்று பெயர் மாறிவிட்டது. கூட்டை மட்டும் பார்த்து ஒரே குடும்பம் என்று நினைத்திருந்தார்கள். டி.என்.ஏ.வைப் பார்த்தபோது அட்லாண்டிக்கில் இருப்பது வேறு வம்சம் என்று தெரிந்தது. கூட்டை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர்களையே பவளம் ஏமாற்றியிருக்கிறது. வாட்ஸப் படத்தைப் பார்த்து இனப்பெயர் வரை சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நமக்குக் குடும்பம் தெரிந்தாலே போதும்.

குட்டி வளர வளர இன்னொரு தடயமும் கிடைக்கும். இரண்டாவது வாய் எங்கே முளைக்கிறது? சில பவளங்களில் ஒரே கிண்ணத்துக்குள் இரண்டு வாய் வந்து, அண்ணன் தம்பி பாகம் பிரித்துக் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பியது போல இரண்டாகும். வேறு சிலவற்றில் தாய் அப்படியே இருக்க, வாழைக்கு அடியில் பக்கக்கன்று வருவது போல வெளியே புதுக் கிண்ணம் முளைக்கும். முதலாவது உட்பிளவு, இரண்டாவது வெளிமொட்டு. இதற்குக் காத்திருப்பது தவிர வழியில்லை.

பயப்பட வேண்டியது ஒன்று

ஐப்டேசியாவைக் கண்டு எல்லோரும் அலறுகிறார்கள். அது தொல்லைதான், ஆனால் உங்களைக் கொல்லாது. பெரிய வட்டத்தட்டு, பழுப்பு அல்லது மங்கிய பச்சை நிறம், தண்டில் மணல் துகள்கள் பதிந்து சொரசொரப்பாக இருக்கும் ஸோவா வகை ஒன்று உண்டு. பாலித்தோவா என்று பெயர். இதன் உடலில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். அறிந்தவற்றிலேயே மிகக் கடுமையான நஞ்சுகளில் அது ஒன்று. எந்தக் கொத்தில் எவ்வளவு இருக்கிறது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது.

கல்லைக் கொதிக்கவைத்து எல்லாவற்றையும் கொன்றுவிடலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். கொதிக்கும் ஆவியில் நஞ்சு காற்றில் கலந்து, வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், வெந்நீர் ஊற்றுவதும் அதே ஆபத்துத்தான். இந்த வகை என்று சந்தேகம் வந்தால் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தேய்க்காமல் அந்தக் கல்லையே அப்புறப்படுத்துங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு டேங்கில் கையே விட வேண்டாம்.

கடலும் டேங்கும் தனித்தனி

நம் ஊரிலிருந்து மூன்று நான்கு மணி நேரத்தில் ராமேஸ்வரம் போய்விடலாம். கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை எடுத்துவந்து டேங்கில் போட்டேன் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாறை கட்டும் கல்பவளங்கள் அத்தனையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கும் அதே அட்டவணை. செத்த துண்டு என்றாலும் சட்டம் விடாது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்கா அறிவித்ததும் இவற்றுக்காகத்தான். வெளிநாட்டிலிருந்து வரும் கல்பவளத்துக்கும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப்படி அனுமதிக் காகிதம் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

எதிர்த்திசையிலும் அப்படியே. என்னவென்று தெரியாததைக் கொல்ல மனமில்லாமல் கடலில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். பாக் நீரிணைப் பக்கம் வளர்ப்பதற்கென்று கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களின் மேல் படர்ந்து மூடியது 2008-இல் பதிவானது.

என் பச்சைப் புள்ளி

சரி, ஆடி மாதப் புள்ளிக்கு வருகிறேன். சிரிஞ்சால் பீய்ச்சியபோது அது எங்கும் ஓடவில்லை, பொத்தானாகவும் ஆகவில்லை. சதை மெலிந்து வரிகள் தெரிந்தன. ஐப்டேசியா, ஸோவா, மஷ்ரூம் மூன்றும் அங்கேயே அடிபட்டுப் போயின. கல்பவளம்.

ஆரைகளை எண்ண வெறும் கண்ணால் முடியவில்லை. நகை ஆசாரி ஒருவரிடம் கண்ணில் செருகிப் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸை இரவல் வாங்கினேன். அதில் ஒரு சிக்கல், பார்க்கும் பொருள் ஓரங்குலத்துக்குள் இருக்க வேண்டும். கல்லை முன்கண்ணாடியோடு ஒட்டி நகர்த்தி, தண்ணீரை அலையடிக்க வைக்கும் வேவ்மேக்கரை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், கிண்ணம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. எண்ணினேன், பெரிய ஆரைகள் பத்து. தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன், பத்து. ஆறின் மடங்கு எங்கே போயிற்று? மூன்றாம் முறை வீட்டம்மாவை எண்ணச் சொன்னேன். அவரும் பத்து என்றார், கூடவே சாம்பார் அடிப்பிடிக்கிறது என்றும் சொன்னார்.

புரட்டாசியில் இரண்டாவது கிண்ணம் வந்தது. தாய்க்கு வெளியே, வாழைக்கன்று மாதிரி. நடுவில் பள்ளம், தனித்தனிச் சுவர். கிண்ணங்களுக்கு இடைப்பட்ட இடம் ரவை தூவியது போலச் சொரசொரப்பு. பொடிக் கிண்ணம், தனிச்சுவர், வெளிமொட்டு, ரவைத் தரை எல்லாம் சேர்ந்தால் சைஃபாஸ்ட்ரியா என்ற கல்பவளத்தின் பக்கம் போகிறது. அந்த வகையில் மைக்ராஃப்தால்மா என்ற இனத்துக்குப் பெரிய ஆரைகள் பெரும்பாலும் பத்துத்தான். அதுதானா என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சைஃபாஸ்ட்ரியா என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்போது மார்கழி, ஏழு வாய் ஆகிவிட்டது. பக்கத்தில் இருந்த கேலக்ஸியா என்ற பவளத்தை மட்டும் ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன், அது ராத்திரியில் நீளக் கொம்பை வீசி அண்டை வீட்டாரைக் கொட்டும் ரகம். கொன்றுவிடச் சொன்ன நண்பர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், "எத்தனை ஆச்சு சார்?" என்று கேட்கிறார்.